ஒரு தடவைதான் டெஸ்ட்டு

1

எல்லாம் ஒரு பெருக்கல் கணக்கில் ஆரம்பித்தது.

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஆவதற்கான படிப்பில் சேர அங்கே போயிருந்தேன். சேர்க்கை மேசையில் என் மகன் வயதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும் ஒரு பெண். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் கடையில் வேலை என்றால் படிக்க நேரம் எங்கே இருக்கும் என்று கேட்டாள். நான் நம் ஊர் வழக்கப்படி, "ஃபைவ் இண்ட்டு டென், ஐம்பது மணி நேரம்தானே, சமாளித்துக்கொள்வேன்" என்றேன்.

அவள் பேனாவை வைத்தாள். "ஃபைவ் இண்ட்டு டென் என்றால் இரண்டு, கண்ணே" என்றாள்.

அங்கே 'இண்ட்டு' என்றால் வகுத்தல். பத்துக்குள் ஐந்து எத்தனை முறை போகும் என்று அர்த்தம். பன்னிரண்டு வருடமாக அந்த நாட்டில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. நான் விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க என் ஆங்கிலம் உடைந்தது. அவள் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.

"உங்கள் பட்டத்தின் மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக எங்களுக்கு வந்தால் சரி. இல்லாவிட்டால் கணக்கில் ஒரு நிலைத்தேர்வு எழுத வேண்டும். பயப்படாதீர்கள். அது தோற்கிற தேர்வே இல்லை. உங்களுக்கு எந்த வகுப்பு சரியாக இருக்கும் என்று பார்க்கத்தான்."

நான் பி.எஸ்சி. கணிதம். பி.எட். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் கணக்கு டீச்சர். எனக்கு எந்த வகுப்பு சரியாக இருக்கும் என்று பார்க்கப் போகிறார்களாம்! கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கையால் அடித்தேன். வலித்தது. மறுபடியும் அடித்தேன்.

வீட்டுக்கு வந்து மகன் ஜோயலிடம் சொன்னேன். பதினேழு வயது. தமிழ் புரியும், பேச வராது என்று சொல்லிக்கொள்வான். ஐந்து வயதில் சரளமாகப் பேசியவன்தான்.

"இட்ஸ் ஜஸ்ட் ப்ளேஸ்மெண்ட், மா. சும்மா எழுது" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மேசைப் பெண்ணின் அதே குரல். அதே இரக்கம்.

2

ஜூன் கடைசியில் லீவு போட்டு ஊருக்கு வந்தேன், மதிப்பெண் பட்டியலைக் கையோடு அனுப்பிவிட்டுத் திரும்பலாம் என்று. படூரில் என் அக்கா ரோஸியின் அடுக்குமாடி வீட்டில் தங்கினேன்.

பிரச்சினை என் பெயர். சான்றிதழ்களில் நான் அ.ஸ்டெல்லா மேரி. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் ஸ்டெல்லா மேரி அந்தோணி. அந்தோணி என் அப்பா. அச்சரப்பாக்கத்துப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டே காலம் கழித்தவர். இப்போது கல்லூரியிலிருந்து 'அன்புள்ள அந்தோணி' என்று அவருக்குக் கடிதம் வருகிறது. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கச் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனால், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா இது, ஒரு இனிஷியலுக்கா அம்மாம் தூரத்துலேர்ந்து வந்துகினு கீறீங்க?"

"ஆமா சார். எப்ப அனுப்புவீங்க?"

"மூணு மாசம் ஆவும்."

"ஜூலைக்குள்ள வேணும் சார். இல்லாட்டி ஒரு வருசம் போயிடும்."

"அப்ப அவங்களயே மூணு மாசம் வெயிட் பண்ணச் சொல்லுங்க. அமெரிக்காதானே, கேப்பாங்க."

கேட்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். ஜூலை முடிவதற்குள் நிலைத்தேர்வை இந்தியாவிலிருந்தே கணினியில் எழுதலாம், கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார், இரண்டு முறை எழுத அனுமதி என்று பதில் வந்தது. 'அன்புள்ள அந்தோணி, வாழ்த்துகள்!' என்று முடித்திருந்தார்கள். எதற்கு வாழ்த்து என்று தெரியவில்லை.

3

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோபத்தில் நான் தயாரிப்பையே தொடவில்லை. எனக்கு எதற்குத் தயாரிப்பு? தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் அக்காவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து மாதிரித் தேர்வைத் திறந்தேன்.

முதல் ஐந்து கணக்கு பின்னம். சிரித்துக்கொண்டே போட்டேன். ஆறாவதில் ஒருத்தி பணப்பையில் டைம், நிக்கல், குவார்ட்டர் என்று சில்லறை வைத்திருந்தாள். தினமும் கையில் புழங்குகிற காசு, ஆனால் கணக்கில் பார்த்ததும் நிக்கல் ஐந்தா பத்தா என்று தடுமாறிவிட்டேன். அடுத்ததில் ஒரு வேலி, அடியும் அங்குலமும். அதற்கடுத்து 'ஃபாயில் செய்' என்று இருந்தது. நான் கடையில் பொரித்த கோழியைச் சுற்றித் தரும் அலுமினியத் தாளுக்குத்தான் ஃபாயில் என்று பெயர். இங்கே இரண்டு அடைப்புக்குறிகளைப் பெருக்குவதற்கு அப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெருக்கலா கூட்டலா, எதை முதலில் போடுவது என்ற விதிக்கு நாம் போட்மாஸ் என்போம், அவர்கள் பெம்டாஸ் என்கிறார்கள். திட்டிக்கொண்டே போட்டேன்.

பதினாறாவது கணக்கு மடக்கை, அதாவது லாகரிதம். அதில் அடியும் இல்லை, அங்குலமும் இல்லை, ஆங்கிலமே கிட்டத்தட்ட இல்லை. சுத்தமான கணக்கு. நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியது. எனக்கு வரவில்லை.

அடுத்தது முக்கோணவியல். அதுவும் வரவில்லை.

மேசையை விட்டு எழுந்து பால்கனிக்குப் போனேன். எதிரே இன்னொரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை என் கோபம் முழுக்க அந்த மேசைப் பெண்மேல் இருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடம். ஜோயலைப் பார்த்துக்கொள், என் வீட்டுக்காரர் வேலை நிலைக்கட்டும், பிறகு பார்க்கலாம். அந்தப் 'பிறகு' வருவதற்குள் மடக்கை போய்விட்டது. சேலை மடிப்பில் வைத்த காசு விழுந்ததுபோல, எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை.

"இன்னாடி ஆச்சு, மூஞ்சி இப்டி கீது?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்ல. மறந்து போச்சு."

"இன்னாத்த மறந்துட்ட?"

"கணக்க."

அக்கா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் கேளம்பாக்கத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்கி வந்து மேசையில் போட்டாள்.

4

முதல் முறை எழுதியதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மாலை ஐந்தரை மணி. கண்காணிப்பாளர் ஒரு ஆண், எந்த நாடு என்று தெரியாது. கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுவரிலிருந்த மாதா காலண்டரை எடுக்கச் சொன்னார், அதில் எண்கள் இருக்கின்றனவாம். காதைக் காட்டச் சொன்னார். முழங்கை வரை கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பதினோரு வருடம் தேர்வறையில் பிட் தேடியவள் நான். காட்டினேன்.

ஒன்பதாவது கணக்கில் எதிர்க்கட்டடத்தில் டைல்ஸ் அறுக்க ஆரம்பித்தார்கள். ஜன்னலைச் சாத்த எழுந்தேன். எழுந்தது தப்பு. பத்தாவதில் கீழே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளியைக் கூவினார். அறையில் வேறு ஆள் குரல் கேட்கிறது என்றார் கண்காணிப்பாளர். அது தெருவில் தக்காளி விற்கிறவர் என்றேன். தேர்வு நிறுத்தப்பட்டது. போட்டவரைக்கும் மதிப்பெண். 'உங்களுக்கு ஏற்ற வகுப்பு: அடிப்படை எண் கணிதம்.'

கூட்டல், கழித்தல். அதுவரைக்கும்தான் நான் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த வகுப்பில் தொடங்கினால் படிப்புக்குள் நுழையவே ஒன்றரை வருடம் ஆகும்.

இன்னும் ஒரே ஒரு முறை. அதற்குமுன் அவர்களுடைய பயிற்சித் தளத்தில் பத்து மணி நேரம் போட்டுக் காட்ட வேண்டும். நான் முப்பது மணி நேரம் போட்டேன். கோபத்தில் படித்தால் நன்றாகப் படிக்க முடிகிறது. அதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

5

சத்தமில்லாத இடம் வேண்டும். அக்கா வீட்டுக்காரர் சொன்னார்: "மாமல்லபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர் கீது. வெளிநாட்டுக்காரங்க வந்து ரூம் எடுத்துகினு வேலை பாக்கறாங்க. ஜெனரேட்டர்லாம் உண்டு."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி. கீழே சான்றிதழ் விண்ணப்பம், ஆதார் திருத்தம் என்று கூட்டம். மேசையில் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒரே நேரத்தில் மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தேதியும் நேரமும் சொன்னேன். இன்ன தேர்வு என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"ஸ்டெல்லா டீச்சரா?"

"ஆமா. நீங்க..."

"நான் தேவகி, டீச்சர். ஏழாவது 'பி'."

எனக்கு நினைவில்லை. சிரித்துவைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மாடியில் கண்ணாடி அறையைத் திறந்து காட்டி, ஃபேன் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"நீங்களே எந்த க்ளாஸுன்னு பாக்க டெஸ்ட் எழுதறீங்களா டீச்சர்?"

"ஆமாம்மா. பாரு, என் நிலைமைய."

"எனக்கும் வெச்சீங்க. ஞாபகம் கீதா? ஏழாவது சேர்ந்த முத வாரம். போர்டுல இருவது கணக்கு, பதினஞ்சு நிமிசம். தேறினவங்க 'ஏ', தேறாதவங்க 'பி'."

ஞாபகம் இருந்தது. அந்தத் தேர்வு என்னுடைய யோசனை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எல்லோரையும் கலந்து வைத்தால் நன்றாகப் போடுகிறவர்கள் கெடுகிறார்கள் என்று நானே தலைமையாசிரியரிடம் சொன்னேன். பாராட்டினார்.

"அன்னிக்கு எங்க ஊரு பஸ்ஸு லேட்டு டீச்சர். நான் உள்ள வர்றப்ப முத பத்து கணக்க நீங்க அழிச்சுகினு இருந்தீங்க. அடுத்த பத்த எழுத எடம் வேணும்னு. மீதி பத்துல எட்டு சரியா போட்டேன். இருவதுக்கு எட்டுன்னு 'பி'ல போட்டுட்டீங்க. மறுபடி எழுதறேன்னு உங்க மேசைகிட்ட வந்து நின்னேன். இன்னா சொன்னீங்க தெரியுமா?"

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"டெஸ்ட்டுன்னா ஒரு தடவைதான்னு சொன்னீங்க. நான் அழுதுகினே வூட்டுக்குப் போனேன்."

'பி' பிரிவுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். 'ஏ' பிரிவுக்கு நான். 'பி' பிரிவுக்கு யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர். பதினொன்றாவதில் 'பி' பிள்ளைகளுக்குக் கணக்குக் குரூப் கிடையாது.

இதில் எனக்கு எரிகிற இடம் ஒன்று உண்டு. பத்தாவது முடித்து நான் கணக்குக் குரூப் கேட்டபோது, "உங்க ஜனத்துக்குக் கணக்கு இன்னாத்துக்கு? டைப்ரைட்டிங் குரூப் எடு" என்றார்கள். அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். நின்றுதான் வாங்கினார். அவர் பெற்ற மகள், வேலை கிடைத்த இரண்டாம் வருடமே அடுத்தவர் பிள்ளைகளுக்கு வாசலைச் சாத்தினாள். சாத்துகிறோம் என்று தெரியாமலேயே, கையில் சாக்பீஸோடு.

"நீ இப்ப நல்லாத்தானே இருக்க தேவகி" என்றேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் கீறேன். அதுக்குன்னு நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது டீச்சர்" என்றாள். பிறகு, "தண்ணி பாட்டில் லேபிள கிழிச்சுடுங்க. கேமராவுல அதுக்கும் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். கதவு சாத்தியபிறகுதான் தோன்றியது.

6

மூன்று நாள் கழித்து அதே அறையில் எழுதினேன். அன்றைக்குக் கீழே கூட்டத்தைத் தேவகி வாயில் விரல் வைத்து அடக்கிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது. மடக்கை வந்தது. போட்டேன். முக்கோணவியலில் இரண்டு தப்பு. முடிவு திரையிலேயே வந்துவிட்டது: நுண்கணிதத்துக்கு ஒரு படி கீழே. படிப்பில் சேர அது போதும். அந்த ஒரு படி என் மறதி. அதை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

கீழே வந்து சொன்னேன்.

"சந்தோசம் டீச்சர்" என்றாள் தேவகி. "ரெண்டாவது தடவ குடுத்தாங்களே, அந்த மட்டும் நல்லவங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஒரு மாதமாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவர்கள் எனக்கு இரண்டு முறை கொடுத்திருந்தார்கள். நான் பத்து வருடம் அந்தத் தேர்வை நடத்தி யாருக்கும் இரண்டாவது முறை கொடுத்ததில்லை.

"மன்னிச்சுக்கோ தேவகி" என்றேன்.

அவள் ஒரு விண்ணப்பத்தை ஸ்டேப்லர் அடித்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் டீச்சர். என் பொண்ணு கீர்த்தனா அதே ஸ்கூல்லதான் கீறா. ஏழாவது. இந்த வருசம் 'பி'ல போட்டுட்டாங்க. இன்னும் அதே டெஸ்ட்டுதான். முடிஞ்சா அவளுக்குப் பேசுங்க."

7

மறுநாளே போனோம். தலைமையாசிரியை ஜெயந்தி என்னோடு வேலை பார்த்தவள்தான். கட்டிப்பிடித்தாள், காபி வரவழைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லா, இது நீ ஆரம்பிச்சு வெச்சது. நாங்க அப்டியே நடத்திகினு வரோம். இப்ப நீயே வந்து கேட்டா இன்னா அர்த்தம்?"

"தப்பா ஆரம்பிச்சேன்னு அர்த்தம். பிள்ளைங்களுக்கு இன்னொரு தடவ டெஸ்ட் வை ஜெயந்தி."

"ஒருத்திக்காகவா?"

"எல்லாருக்கும்."

"அது ஆவாது. 'ஏ'ல எடம் லேது. பேரண்ட்ஸ் சும்மா வுட மாட்டாங்க. நீ ரெண்டு வாரத்துல ப்ளைட் ஏறிடுவ. பேஜாரு எனக்குத்தான்."

என் குரல் உயர்ந்தது. என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஜெயந்தி எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். காபியைக் குடிக்காமல் வெளியே வந்தோம்.

வாசலில் தேவகி சொன்னாள்: "நான் கேட்டிருந்தா உள்ளயே வுட்டிருக்க மாட்டாங்க. நீங்க கேட்டதுல காபி வரைக்கும் வந்துச்சு."

சென்டருக்குத் திரும்பி ஒரு மனு எழுதினோம். நான் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். 'இந்த முறையை இப்பள்ளியில் தொடங்கியவள் நான். அது தவறு என்று இப்போது கருதுகிறேன்' என்பது முதல் வரி. முதல் கையெழுத்து என்னுடையது. ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறவள் தேவகி, 'பி' பிரிவுப் பெற்றோர் எல்லோரும் அவள் மேசைக்கு ஏதோ ஒரு நாள் வருகிறவர்கள். சாதிச் சான்று கேட்டு வந்தவரிடமும் கையெழுத்து வாங்கினாள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவரிடமும் வாங்கினாள். ஒருவர் மட்டும், "இன்னாத்துக்கு வம்பு? அதுங்களுக்குக் கணக்கு வந்தா வருது" என்று போய்விட்டார். மற்றவர்கள் போட்டார்கள். நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் பள்ளித் தாளாளரிடம் கொடுத்தோம். அவர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நான் நம்பிக்கை வைக்கவில்லை.

8

செப்டம்பரில் என் வகுப்பு ஆரம்பித்தது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஜோயல் வயது. நான் இன்னும் 'இண்ட்டு' என்று வாயில் வரும்போதெல்லாம் விழுங்கிக்கொள்கிறேன். ஒரு நாள் ஜோயல் என் நோட்டைப் புரட்டி, "அம்மா, இது நல்லா கீது" என்றான், தமிழில். கீது என்றான்! அக்காவிடம் போனில் பேசி வந்த வார்த்தையாக இருக்கும். திருத்தவில்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் தேவகி குரல் செய்தி அனுப்பினாள். கடை இடைவேளையில், குளிரறைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். தாளாளர் ஜெயந்தியைக் கூப்பிட்டுப் பேசினாராம். 'பி' பிள்ளைகள் எல்லோருக்கும் மறுபடி தேர்வு வைத்தார்கள், இந்த முறை ஒரு மணி நேரம், கேள்வித்தாள் கையில். ஒன்பது பேரை 'ஏ'வுக்கு மாற்றினார்கள். இனி வருடம் இரண்டு முறை வைப்பார்களாம்.

"கீர்த்தனா பேரு வரல டீச்சர்" என்றாள் தேவகி. "மார்க்கு பத்தல. நெசமாவே பத்தல, பேப்பர நானே வாங்கிப் பாத்தேன்."

செய்தி அதோடு நின்றது போலிருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பின்னால் பஸ் ஹாரன், யாரோ ஆதார் கேட்கும் சத்தம். பிறகு மறுபடி அவள் குரல்.

"ஆனா அழல டீச்சர். பைய கட்டில்ல வீசிட்டு, அடுத்த டெஸ்ட்டு எப்பன்னு கேட்டா. ஜனவரின்னேன். இன்னும் எம்மாம் நாள் கீதுன்னு சொவுத்துல கோடு போட்டு எண்ணிகினு கீறா. செம கோவமா கீறா."